அரையாண்டுச் செய்திகளும் தோட்டக் கொட்டகையும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பிவிட்டார்கள். நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலுக்குப் போய் வந்தவர்கள் மட்டும் முதல் பாடவேளையில் இன்னும் கொட்டாவி விடுகிறார்கள். போகப் போகச் சரியாகிவிடும்.

அரையாண்டுத் தேர்வில் எல்லா வகுப்புகளும் நன்றாகவே செய்திருக்கின்றன. கலைத் திருவிழாவிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் நம் மாணவர்கள் கலந்துகொண்டு பரிசு பெற்றார்கள். பத்தாம் வகுப்புக்கு மாலைச் சிறப்பு வகுப்பு தொடங்கிவிட்டது. அனைவருக்கும் பாராட்டுகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளித் தோட்டமும் செழித்தது; வெண்டையும் கத்தரியும் பறித்துச் சத்துணவுக் கூடத்துக்குக் கொடுத்தோம்.

தோட்டம் என்றதும், அங்குள்ள கருவிகளைப் பற்றியும் பேசிவிடுகிறேன்.

பொங்கலுக்கு வீடு வாசல் சுத்தம் செய்யப் பலர் பள்ளித் தோட்டத்துக் கருவிகளை இரவல் வாங்கிப் போனீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கச் சொன்னது நான்தான். பூட்டி வைத்திருப்பதைவிட ஊருக்குப் பயன்படுவது நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் போன எட்டு மண்வெட்டிகளில் ஐந்துதான் திரும்பி வந்திருக்கின்றன. களைக்கொத்து நான்கைக் காணோம். செடி வெட்டும் கத்தரி வந்திருக்கிறது, அதன் ஸ்பிரிங் வரவில்லை. ஒரு மண்வெட்டியில் சிமெண்ட் கலவை இறுகிப்போய் ஒட்டியிருக்கிறது; யார் வீட்டுத் திண்ணை பூசப்பட்டது என்று நான் விசாரிக்கப் போவதில்லை.

காணாமல் போனதைவிடத் திரும்பி வந்தவைதான் எனக்குக் கவலை தருகின்றன. காம்பு ஆடினால் மண்வெட்டியை ராத்திரி முழுக்கத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. காலையில் கெட்டியாக இருக்கும், உண்மைதான். மரம் தண்ணீர் குடித்து உப்புகிறது. இரும்பு வளையத்துக்குள் விரிய இடமில்லாமல் அதன் நார்கள் நசுங்குகின்றன. வெயிலில் காய்ந்ததும் முன்பைவிடச் சுருங்கி இன்னும் அதிகமாக ஆடும். அப்படி ஊறிக் காய்ந்த மண்வெட்டியைத்தான் அடுத்த வாரம் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஓங்குகிறது. தகடு கழன்று பறந்தால் பக்கத்தில் நிற்பதும் உங்கள் பிள்ளைதான். ஆகவே ஊற வைக்காதீர்கள். நன்றாகக் காய்ந்த மரத்தில் ஆப்புச் செதுக்கி அடியுங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் காம்பை மாற்ற வேண்டியதுதான்.

தொலைந்ததற்குப் பதில் புதிதாக வாங்கித் தருவதாகச் சிலர் சொன்னீர்கள். மிக்க மகிழ்ச்சி. ஆனால் பிளாஸ்டிக் பிடி போட்ட வண்ண வண்ணச் சிறு மண்வெட்டி செட் வேண்டாம். நம் செம்மண் மழைக்காலத்தில்தான் இளகிக் கொடுக்கும். மாசி பிறந்து ஈரம் போய்விட்டால் மெல்லிய தகடு முதல் கொத்திலேயே கழுத்தில் மடங்கிவிடும். பட்டறையில் காய்ச்சி அடித்த இரும்பாகப் பாருங்கள். காம்பு கருவேல மரமாக இருந்தால் நல்லது. கணுவும் வெடிப்பும் இல்லாமல், நார் அடியிலிருந்து நுனிவரை நேராக ஓட வேண்டும். பெயிண்ட் அடித்த காம்பை வாங்காதீர்கள். குறையெல்லாம் பெயிண்டுக்கு அடியில்தான் இருக்கும். அப்புறம், எடை. பெரியவர்களுக்குச் செய்த மண்வெட்டியைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் நாலு வெட்டில் முதுகு வளைந்துவிடும். ஆறு, ஏழாம் வகுப்புகளுக்குக் கைக்கு அடங்கிய களைக்கொத்தே போதும்.

துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாம் சிக்ரி என்று சொல்வது, காரைக்குடியில்தான் இருக்கிறது. உலோக அரிமானம் அங்கு நடக்கும் முக்கிய ஆராய்ச்சிகளில் ஒன்று. அதன் பக்கத்திலேயே இருந்துகொண்டு நம் கொட்டகையில் இத்தனை துரு இருப்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது! இரும்பில் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு வரும். உர உப்பு ஒட்டியிருந்தால் சீக்கிரம் வரும். வேலை முடிந்ததும் மண்ணைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவினால் போதும். துரு குத்தினால்தான் டெட்டனஸ் வரும் என்று பலரும் நினைக்கிறோம். அந்தக் கிருமி இருப்பது மண்ணிலும் சாணத்திலும். புத்தம் புதுக் கத்தியில் ஏற்பட்ட காயத்திலும் மண் பட்டால் ஆபத்து உண்டு. 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டிடி ஊசி விட்டுப்போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

அடுத்ததைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். தோட்டத்தில் கருவி குறைவாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு வீட்டில் திருப்பாச்சேத்தி அரிவாளைப் பிள்ளையின் புத்தகப் பையில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். நல்லெண்ணம்தான், எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பை பேருந்தில், நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே வந்திருக்கிறது. அரிவாள், கத்தி, கத்தரி எதுவும் எந்தக் காரணத்துக்காகவும் மாணவர் பையில் பள்ளிக்கு வரக் கூடாது. வந்தால் கருவி அலுவலகத்தில் இருக்கும், பெற்றோர் நேரில் வந்துதான் வாங்கிப் போக வேண்டும். இதில் விதிவிலக்கு கிடையாது. பள்ளிக்குக் கொடுக்க நினைப்பவர்கள் நீங்களே கொண்டுவந்து என்னிடம் தாருங்கள்.

இரவல் கொடுப்பதை நிறுத்தப் போவதில்லை. இனி நோட்டில் பெயரும் தேதியும் எழுதி, வாங்குபவரே கையெழுத்திட வேண்டும்; பிள்ளைகளிடம் கொடுத்தனுப்ப மாட்டோம். இப்போது வீட்டில் இருப்பவற்றை வரும் வெள்ளிக்கிழமைக்குள் சேர்த்துவிடுங்கள். கொட்டகை வாசலில் வைத்துவிட்டுப் போனாலும் சரி, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

ஆடிய காம்புகளைக் கூலி வாங்காமல் மாற்றித் தந்த தச்சு வேலை செய்யும் தந்தைக்கும், புல் அறுக்கும் கதிர் அரிவாளை எப்படிப் பிடிப்பது என்று எட்டாம் வகுப்புக்கு ஒரு மதியம் முழுக்கச் சொல்லிக் கொடுத்த ஆச்சிக்கும் பள்ளியின் நன்றி. தொலைந்த ஒரு களைக்கொத்துக்கு ஈடாக மூன்று கொண்டுவந்து தந்த குடும்பத்துக்கும் நன்றி. கூடுதலாக வந்த இரண்டையும் நாங்கள் திருப்பித் தருவதாக இல்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்