‘போடியாட்ரியாவது கிடைக்குமா?’ என்று கேட்கும் பெற்றோருக்கு

அன்புள்ள அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். நான் டெக்சஸில் போடியாட்ரிஸ்டாக வேலை பார்க்கிறேன். தமிழில் பாத மருத்துவர் என்று சொல்லலாம். பதினோரு வயதில் திருச்சியிலிருந்து நியூஜெர்சிக்கு வந்தவள். இளங்கலை முடித்தபோது என் ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, நாலுக்கு 2.9.

தெரிந்தவர்கள் மூலமாக என் எண் கிடைத்து, உங்களில் சிலர் கூப்பிடுகிறீர்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “பொண்ணுக்கு மார்க் கம்மி, எம்.டி. கிடைக்காது போல இருக்கு. போடியாட்ரியாவது கிடைக்குமா?” அந்த ‘ஆவது’வுக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன். பல நேரம் ஸ்பீக்கரில் பேசுகிறீர்கள், பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறாள். அவள் காதில் அது விழுகிறது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் இது யாருக்கும் தெரிவதில்லை. என் முதல் இரண்டு வருடங்களில் 60 கிரெடிட், சராசரி 2.3. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் டி கிரேடு. அப்பாவுக்கு வேலை போயிருந்தது, நான் மாலையில் மளிகைக்கடையில் நின்றேன். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், எனக்குப் படிக்கத் தெரியவில்லை. பள்ளியில் மனப்பாடம் செய்தே தப்பித்து வந்தவள். பிறகு கற்றுக்கொண்டேன். அடுத்த 60 கிரெடிட்டில் சராசரி 3.5. இரண்டையும் சேர்த்தால் 2.9. பட்டத்துக்குப் பிறகு இன்னும் 30 கிரெடிட் அறிவியல் பாடங்கள் எடுத்து, அத்தனையிலும் ஏ வாங்கினாலும் 3.12தான் வரும். சராசரி அவ்வளவு மெதுவாகத்தான் ஏறும். ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய டி மறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். படித்த கல்லூரி அதை நீக்கிக் கணக்குப் போட்டாலும், போடியாட்ரி கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்ப முறையில் இரண்டு மதிப்பெண்ணும் கணக்கில் வரும். அறிவியல் பாடங்களின் சராசரியைத் தனியாகவும் பார்ப்பார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, “அப்போ முடியாதா?” என்கிறீர்கள். முடியும். 2.9 வாங்கிய எல்லோரும் ஒரே மாதிரி அல்ல. 3.4இல் ஆரம்பித்து 2.4இல் முடித்தவரும் 2.9தான், 2.3இலிருந்து 3.5க்கு ஏறியவரும் 2.9தான். விண்ணப்பத்தை உட்கார்ந்து படிக்கும் ஆள் செமஸ்டர் செமஸ்டராகப் பார்ப்பார். அதனால் இன்றைக்கே பிள்ளையின் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது மதிப்பெண் பட்டியலை, வாங்கி, மொத்தச் சராசரி இருக்கும் கடைசி வரியை விட்டுவிட்டு, மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். இன்னும் ஏற ஆரம்பிக்கவில்லை என்றால், விண்ணப்பிக்கும் நேரம் வரவில்லை. அவ்வளவுதான்.

பட்டத்துக்குப் பிறகு நான் ஒரு கூடுதல் வருடம் எடுத்துக்கொண்டேன். பயோகெமிஸ்ட்ரி, பிசியாலஜி, அனாட்டமி என்று கனமான பாடங்களாகவே எடுத்தேன். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டையும் நேரம் ஒதுக்கிப் படித்து எழுதினேன். 472இலிருந்து 528 வரை போகும் அந்த மதிப்பெண்ணில் 500தான் நடு. ஜிபிஏ குறைவாக இருப்பவர் அதற்கு மேலே தெளிவாகத் தெரிய வேண்டும். அப்புறம் ஒரு பாத மருத்துவரின் கிளினிக்கில் வாரம் இரண்டு நாள். அவர் தந்த சிபாரிசுக் கடிதம் எனக்கு மிகவும் உதவியது. விண்ணப்பங்கள் வர வரப் பார்த்துச் சேர்க்கை நடக்கும். முன்னால் வருபவருக்கு இடம் அதிகம் இருக்கும். தயார் ஆனபின் தாமதிக்கக் கூடாது, தயார் ஆகுமுன் அவசரப்படவும் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கசக்கும். போடியாட்ரி கல்லூரிகளில் சேருபவர்களின் சராசரி ஜிபிஏ எம்.டி. கல்லூரிகளைவிடக் குறைவு என்பது உண்மை. நாடு முழுக்க இருப்பவை பதினொன்றுதான். அவற்றில் டெக்சஸ் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் உள்ளது 2022இல்தான் தொடங்கியது. ஆனால் உள்ளே நுழைவது சற்று எளிது என்பதால் உள்ளே இருக்கும் படிப்பும் எளிது என்று அர்த்தமில்லை. நாலு வருடம். முதல் இரண்டு வருடம் முழு உடம்புக்கான அடிப்படை மருத்துவ அறிவியல். அயோவாவில் உள்ள டி மாயின் பல்கலைக்கழகத்தில் அதை டி.ஓ. (எம்.டி. போன்ற இன்னொரு மருத்துவப் பட்டம்) மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறார்கள். பிறகு தேசியத் தேர்வின் முதல் பகுதி. கடைசியில் மூன்று வருட ரெசிடென்சி, அதாவது மருத்துவமனைப் பயிற்சி. என்னோடு சேர்ந்தவர்களில் சிலர் அந்த முதல் பகுதியிலேயே சிக்கிக்கொண்டார்கள். கடன் மட்டும் மிஞ்சியது. அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் இல்லை. படிக்கும் பழக்கத்தைச் சரிசெய்யாமல், வீட்டின் அவசரத்துக்காக வந்து சேர்ந்தவர்கள். அவர்கள் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான், “எப்படியாவது இந்த வருஷமே சீட் வாங்கிடணும்” என்று நீங்கள் சொல்லும்போது எனக்குப் பதறுகிறது.

வேலையைப் பற்றியும் கொஞ்சம். “கால் டாக்டரா, நகம் வெட்டுறதா?” என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. ஆமாம், நகமும் வெட்டுகிறேன். பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கும் ஒருவரின் பாதத்தில் உணர்ச்சி போயிருந்தால், அவர் தானே வெட்டும்போது பட்ட காயம் தெரியாமலே எலும்பு வரை போகும். ஷூவுக்குள் சிறு கல் கிடப்பதும் தெரியாது. அந்தக் காலைத் தொட்டுப் பார்த்து, மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் அழுத்தி, “படுதா? இப்போ?” என்று கேட்பதில்தான் என் நாள் தொடங்குகிறது. சில நாள் அறுவை அறையில் முடிகிறது. ஒரு காலைக் காப்பாற்றினால் அந்த ஆள் நடந்துபோய் வேலை பார்ப்பார், பேரனைத் தூக்குவார்.

இந்தத் துறைக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளைப் பார்த்தவர். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால்தான் காயம்பட்டு அழிகின்றன என்று அங்கே கண்டார். பிறகு லூசியானாவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்கு வந்து, அதே அறிவைச் சர்க்கரை நோயாளிகளின் காலுக்குக் கொண்டுபோனார். புண்ணின் மேல் அழுத்தம் விழாதபடி பாதத்தை அணைத்துக் கட்டும் பிளாஸ்டர் முறை அமெரிக்காவில் பரவியதற்கு அவர் ஒரு முக்கியக் காரணம். அந்தப் பிளாஸ்டரைக் கட்டும்போதெல்லாம் வேலூர் எனக்கு ஞாபகம் வரும். அதைக் கட்டும் வேலைக்கு ‘ஆவது’ போட எனக்கு வாய் வராது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். பிள்ளை உண்மையாகவே பாத மருத்துவம் விரும்புகிறாளா என்று அவளிடம் கேளுங்கள். தெரியவில்லை என்றால், முதலில் ஒரு கிளினிக்கில் புண்ணுக்குக் கட்டுப்போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடட்டும். மருத்துவம் இல்லாத வாழ்க்கையும் வாழ்க்கைதான். பிடித்தது என்றால் அவளுக்கு ஒரு வருடம் கொடுங்கள், தேவைப்பட்டால் இரண்டு.

அந்த வருடத்தை ஒளிக்காதீர்கள். நான் திரும்பப் படித்த வருடம், யாராவது கேட்டால் அப்பா “ரிசர்ச் பண்றா” என்று சொல்லிவிடுவார். அவர் என் மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார். ஆனால் விருந்தாளி வந்தால் புத்தகத்தோடு மாடிக்குப் போய்விடப் பழகிக்கொண்டேன். வருகிற பொங்கல் விழாவில் யாராவது “பொண்ணு என்ன பண்றா?” என்று கேட்டால், “கெமிஸ்ட்ரி திரும்ப எடுத்துப் படிக்கிறா, அடுத்த வருஷம் போடியாட்ரிக்கு அப்ளை பண்றா” என்று அவள் பக்கத்தில் நிற்கும்போதே சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி