ஓய்வு நாளை மலையடிவாரத்தில் வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுமுறை வந்தால் நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரு வாரம், பத்து நாள் சைக்கிளில் சுற்றப் புறப்படுவது நம் கொங்குப் பகுதியில் சகஜமாகிவிட்டது. நடுவில் ஒரு நாள் ஓய்வு, அன்றைக்கு வண்டி வேலை என்று திட்டம் போட்டுக்கொள்கிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த நாளை வால்பாறைக்குப் போகிறவர்கள் பொள்ளாச்சியிலும், கோத்தகிரிக்குப் போகிறவர்கள் மேட்டுப்பாளையத்திலும் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வண்டியின் பாகங்களை மாட்டி முடித்து, விடியலில் மலையேறிவிடுகிறார்கள். இது தவறு. அந்த வேலையைக் கோவையிலேயே முடித்துவிட வேண்டும்.

காரணம், புதிதாக மாட்டிய எதுவும் கொஞ்ச தூரம் ஓடினால்தான் இடத்தில் உட்காரும். புது கியர் ஒயரின் உறை அழுந்தி ஒயர் தளரும். கியர் தானாக மாறும். முறுக்கி வைத்த சக்கரத்துப் போக்ஸ் கம்பி முறுக்கு விட்டுக் கோட்டம் திரும்ப வரும். கோவையிலிருந்து பொள்ளாச்சி சுமார் 40 கிலோமீட்டர். பெரிய ஏற்றம் இல்லை. மூட்டை கட்டிய வண்டிக்கு அதுவே சரியான சோதனை ஓட்டம். கோளாறு தெரிந்தால் ஓரங்கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே அது நடக்காது. ஞாயிற்றுக்கிழமையையும் தவிருங்கள், பெரும்பாலான உதிரி பாகக் கடைகள் அடைத்திருக்கும்.

முதலில் செயின். ஒரு ஸ்கேலின் பூஜ்யத்தை, கண்ணிகளைக் கோக்கும் ஒரு பின்னின் நடுவில் வைத்து, அதற்கு அடுத்த பின்னிலிருந்து ஒன்று என்று எண்ணிக்கொண்டே போனால், 24-வது பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். 1/16 அங்குலம், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். 1/8 அங்குலம் தள்ளியிருந்தால் பின்சக்கரப் பற்களும் அதற்கேற்றபடி தேய்ந்திருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால் ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது எகிறும். இரும்பு இழுபட்டு நீள்வதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பின்னும் அது சுழலும் துளையும் தேய்ந்துதான் இடைவெளி கூடுகிறது. தேய்ப்பது, எண்ணெயோடு சேர்ந்த மண். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் மஞ்சும், அதாவது நாரும், சேர்ந்துகொண்டு கியரின் சின்னச் சக்கரங்களில் திரியாகச் சுற்றியிருக்கும். குச்சியால் நோண்டி எடுத்துவிட வேண்டும்.

கியர் வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்திருந்தாலோ, டெம்போவில் அடுக்கி வந்திருந்தாலோ, பின்கியரைப் பிரேமில் தொங்கவிடும் ஹேங்கரைப் பாருங்கள். பின்னால் உட்கார்ந்து பார்த்தால் பின்சக்கரப் பல்லும் கியரின் இரண்டு சின்னச் சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் தெரிய வேண்டும். ஹேங்கர் உள்பக்கம் வளைந்திருந்தால் சமவெளியில் ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் கடைசிக் கியருக்கு மாற்றுவீர்கள். அந்த நொடியில் பின்கியர் சக்கரத்தின் கம்பிகளுக்குள் நுழைந்து சக்கரத்தையே நாசமாக்கும். ஹேங்கர் பிரேமுக்குப் பிரேம் வேறு. ஊரிலேயே ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளாமல் கிளம்பவே கூடாது.

கம்பி பெரும்பாலும் பின்சக்கரத்தின் வலப்பக்கம்தான் முறியும், அதுவும் ஹப்பில் வளையும் கழுத்தில். பின்பற்கள் உள்ள ப்ரீவீல் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அந்தப் பக்கக் கம்பிகள் செங்குத்தாக நின்று அதிக இழுவை தாங்குகின்றன; கேரியர் சுமையும் பின்சக்கரத்தில்தான். ஒரே பக்கக் கம்பிகளை விரலால் மீட்டிப் பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். 'தொப்' என்று ஒலிப்பது தளர்ந்த கம்பி. கம்பியை ரிம்மில் பிடிக்கும் நிப்பிளைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். வலப்பக்கக் கம்பியை மாற்ற ப்ரீவீலைக் கழற்ற வேண்டும். அதன் கழற்றி வகைக்கு வகை வேறு என்பதால் உங்களுடையதைக் கையோடு கொண்டு போங்கள். இடவல நீளம் பார்த்து நான்கைந்து கம்பியும் வேண்டும்.

பஞ்சர் ஒட்டுமுன் ஓட்டை எங்கே என்று பாருங்கள். ரிம் பக்கம் இருந்தால், கம்பி முனைகளை மூடும் ரிம் டேப் விலகியிருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்றுக் குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள். வெளிப்பக்கம் என்றால் முள். காங்கேயம், தாராபுரம் கொறங்காட்டு (மேய்ச்சல் காட்டு) வழியாக வந்தவர்களுக்குக் கிளுவையும் வெள்வேலும் பழக்கம்தானே? முனை முறிந்து டயருக்குள்ளேயே நிற்கும். பழந்துணியை உள்ளே சுற்றித் தடவினால் சிக்கும்.

ஆட்டமோ கரகரப்போ இல்லாத ஹப்பைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் உள்ளே உருளும் பால்ஸை மொத்தமாக மாற்றுங்கள்; பால்ஸ் தனித்தனியாக உருளும் கப்-கோன் வகைப் பின் ஹப்பில் பொதுவாகப் பக்கத்துக்கு 9, கால் அங்குலம்.

பிரேக்கில் சிக்கனம் வேண்டாம். ஒயரில் ஒரு இழை அறுந்திருந்தாலும் மாற்றுங்கள்; அறுவது கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும் முனையில்தான். ரிம் பிரேக் கட்டையில் பதிந்த கல்லை ஊக்கால் எடுங்கள். டிஸ்க்குக்குப் புதுக் கட்டை போட்டால், சமதளத்தில் வேகமெடுத்து 20 தடவையாவது சீராகப் பிடித்து, முழுக்க நிற்கும் முன் விட வேண்டும். கட்டையின் பொருள் தட்டில் படலமாகப் படிந்தால்தான் பிடி வரும். அடிவாரத்தில் மாட்டினால் இதற்கு ஏது தூரம்? எண்ணெய் பட்ட டிஸ்க் கட்டை உதவாது, தூக்கிப் போடுங்கள்.

கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஓவராயிலுக்கு, அதாவது முழுப் பராமரிப்புக்கு, வரும் வண்டியின் செயினில் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள். அதில் இரும்புத் துகள் இருக்கிறது. தேய்மானத்தை அதுவே கூட்டும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். மார்கழி இரவில் வால்பாறையில் நிற்கும் வண்டிக்குக் காலையில் செயின் விறைத்திருக்கும். நல்ல செயின் ஆயில் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் ஊறவைத்து, வெளியே மின்னாத அளவுக்குத் துடைத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சைக்கிள் மெக்கானிக்,
கோபிசெட்டிபாளையம்.