வேலூர் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பள்ளி நாடகங்களுக்குப் பாட்டெழுதி ஆர்மோனியமும் வாசித்துவரும் நான், மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நூலகத்தில் ஓர் அறையைப் புதிருக்கும் நாடகப் பாட்டுக்குமாகச் சேர்த்து ஒதுக்கித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இவ்விரண்டும் ஒரே மனத்தின் வேலை என்பதற்கு அமெரிக்க மேடை இசையமைப்பாளர் ஸ்டீபன் சோண்ட்ஹைமின் வாழ்க்கையே சான்று. 1930இல் பிறந்து 2021இல் மறைந்த அவர், 1968, 69 ஆண்டுகளில் ‘நியூயார்க்’ இதழுக்குப் பிரிட்டிஷ் பாணிக் குறுக்கெழுத்துப் புதிர்களைத் தாமே கட்டித் தந்ததோடு, அவற்றை அவிழ்க்கும் முறையையும் அமெரிக்க வாசகர்களுக்கு விளக்கி எழுதினார். பழைய பலகை விளையாட்டுகளைத் தேடிச் சேர்த்து வீட்டுச் சுவர்களில் மாட்டியிருந்தார். நடிகர் அந்தோணி பெர்க்கின்சுடன் சேர்ந்து நண்பர்களுக்காக அவர் நடத்திய புதையல் வேட்டைகள், இருவரும் எழுதி 1973இல் வெளிவந்த துப்பறியும் படத்துக்கு வித்தாயின.

பிரிட்டிஷ் பாணிக் குறுக்கெழுத்தில் குறிப்பு ஒன்றைச் சொல்லி வேறொன்றைக் கேட்கும். மாணவர்களுக்கு நான் கட்டிய ஒன்று: ‘முருகன் ஆயுதத்தோடு நத்தைபோல் நகர், கோட்டைக்குப் பேர்போன இடம் (3 எழுத்து)’. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கரும்பலகையில் ‘வேல்’ என்று எழுதி, நத்தை என்ன செய்யும் என்று முணுமுணுத்து, பக்கத்தில் ‘ஊர்’ என்று எழுதினாள். ல்மேல் ஊ ஏறி லூ ஆனதும் வகுப்பே ஆரவாரித்தது. அதுவரை புணர்ச்சி விதியை அவள் மனப்பாடம்தான் செய்திருந்தாள். நகர், ஊர் என்ற இரண்டு சொல்லுமே இடத்தையும் அசைவையும் குறிப்பதைக் கண்டு அவள் வியந்து நின்ற முகம் என் நினைவைவிட்டு அகலவில்லை. பின்னர் மெட்டுக்குள் ஒரு சொல் அடங்காமல் நாங்கள் தவித்தபோது, மாற்றுச்சொல் தேடித் தந்தவளும் அவளே.

முன்னும் பின்னும் ஒன்றாகவே வாசிக்கும் மாலைமாற்றுப் பதிகத்தைச் சம்பந்தர் பாடிய மொழி இது. பழைய வட ஆர்க்காட்டின் புரிசையில் தெருக்கூத்து இன்றும் வாழ்கிறது. மூன்று புலியும் பதினைந்து ஆடும் கொண்ட ஆடுபுலியாட்டத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். அவர்களையும் பிள்ளைகளையும் ஒரே பாயில் உட்காரவைக்க நூலகத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் வேண்டுவது ஓர் அறை, ஒரு கரும்பலகை, ஊரிலிருந்து வரும் கூத்து வாத்தியார் ஒருவருக்கு வழிச்செலவு, அவ்வளவே. ஆர்மோனியத்தை நான் கொண்டுவருகிறேன். முதல் மாலைக்கான 12 குறிப்புகளையும் எழுதி வைத்திருக்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
வேலூர் வாசகர் ஒருவர்