மாரிக்கு முதல் வடிகானைத் திறப்போம்: எங்கள் ஒழுங்கைக்காரருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான அயலவர்களுக்கு,

மூன்றாம் வீட்டிலிருந்து எழுதுகிறேன். கேற்றடியில் நின்று கதைக்கக்கூடிய விஷயம்தான். ஆனால் கேற்றடிக் கதை பிள்ளைகளின் ரியூஷன், தேங்காய் விலை என்று வேறெங்கோ போய்விடும். இது அப்படி வழியில் தொலைந்துபோகக் கூடாது என்பதால் எழுத்தில் வைக்கிறேன்.

போன மார்கழியில் ஐந்தாம் வீட்டு ஆச்சி விழுந்த விடியற்காலையை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். திருவெம்பாவைப் பூசைக்கு நாலரை மணிக்கே வெளிக்கிட்டவர். இரவு முழுக்க மழை. ஒழுங்கையில் கணுக்காலுக்கு மேலே தண்ணீர். எது வீதி, எது வடிகான் என்று பகலிலேயே பிரித்துப் பார்க்க ஏலாது, அந்த நேரம் கம்பத்தில் விளக்கும் எரியவில்லை. என் மதிலோரம் வடிகானை மூடிப் போட்ட சிலாப் முடிகிற இடத்தில் ஒன்றரை அடி இடைவெளி இருந்தது. ஆச்சியின் கால் அதற்குள் போய்விட்டது. சத்தம் கேட்டு டோர்ச்சோடு நான் ஓடி வந்தபோது வடிகான் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். “பிள்ளை, பூத்தட்டு” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

தட்டிலிருந்த செவ்வரத்தம் பூக்கள் தண்ணீரில் மிதந்தன. ஆச்சியைத் தூக்கி விறாந்தையில் இருத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பூக்கள் எங்கேயும் போகவில்லை. அவ்வளவு மழையிலும் என் கேற்றுக்கு முன்னால் அதே இடத்தில் சுற்றிச் சுற்றி நின்றன. தண்ணீர் ஓடியிருந்தால் அந்நேரத்துக்குச் சந்தி மதகடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்தோம். அம்புலன்ஸ் சுணங்காமல் வந்தது, ஆனால் சந்தியோடு நின்றுவிட்டது. பன்னிரண்டு அடி ஒழுங்கையில் ஒரு பக்கம் வான் நின்றது, மறுபக்கம் மணல் குவியல் கிடந்தது. அந்தப் பிள்ளைகள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள்ளால் நடந்து வந்தார்கள். கடைசி வீட்டு நானா குடை பிடித்துக்கொண்டு கூடவே போனார். ஆச்சிக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இன்றைக்கும் வோக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் மட்டும்தான் நடக்கிறார்.

அந்த மணல் என்னுடையது. மேல் அறை கட்டுவதற்கு இறக்கியது, மூன்று மாதம் அப்படியே கிடந்தது. அந்தச் சிலாப்பும் என்னுடையதுதான். கேற்றை அகலமாக்கியபோது மேசன், “அக்கா, கழற்றக்கூடிய மாதிரித் துண்டு துண்டாய்ப் போடுவமா?” என்று கேட்டார். வேலை கெதியாக முடியட்டும் என்று ஒரேயடியாகக் கொங்கிரீட் ஊற்றச் சொன்னது நான். ஆச்சியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஒழுங்கைக்காரர் எல்லோரிடமும் இப்போது கேட்கிறேன். இதைச் சொல்லாமல் அடுத்த வீட்டுக் குறையைப் பேச எனக்கு வாய் வராது.

அதற்குப் பிறகுதான் ஒருநாள் சந்தியிலிருந்து கடைசி வீடு வரை வடிகானைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பதினாலு வீடு. ஒன்பது வீட்டுக்கு முன்னால் வடிகான் கொங்கிரீட்டால் மூடிக் கிடக்கிறது. அதில் இரண்டே இரண்டு வீட்டில்தான் தூக்கக்கூடிய சிலாப் இருக்கிறது. மூன்று இடத்தில் கேற்றடிக்குக் குழாய் வைத்து மேலே மண் போட்டிருக்கிறோம். ஆறு இஞ்சிக் குழாய்! ஒரு பொலித்தீன் பையும் இரண்டு சிரட்டையும் போதும், அது அடைபட. அடைத்தால் உள்ளே கையும் போகாது, மண்வெட்டியும் போகாது. சுத்தம் செய்ய வருகிற தொழிலாளர்கள் திறந்திருக்கிற இடத்தில் மட்டும் அள்ளிவிட்டுப் போகிறார்கள் என்று அவர்களைக் குறை சொல்லியிருக்கிறோம். மூடிய இடத்தில் அவர்கள் எதைத்தான் அள்ளுவது?

அம்மா இந்த ஒழுங்கைக்கு மருமகளாக வந்தபோது எல்லா வளவும் மணல் வளவாம். எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு மணித்தியாலத்தில் மண் குடித்துவிடும் என்பார். இப்போது முற்றத்துக்கு இன்டர்லொக் கல், கார் நிறுத்துகிற இடத்துக்குச் சீமெந்து, மிச்சத்துக்கு மாபிள். கிணற்றுக்குப் போக வேண்டிய தண்ணீர் முழுக்க ஒழுங்கைக்கு வருகிறது. புதிதாகக் கட்டுகிறவர்கள் மண் நிரப்பி வளவை உயர்த்துகிறார்கள், பழைய வீடுகள் பள்ளத்துக்குள் போகின்றன. ஆச்சியின் வீட்டுப் படி இப்போது வீதியை விட ஒரு சாண் கீழே. அவர் எதையும் கட்டவில்லை, எதையும் உயர்த்தவில்லை. தண்ணீர் மட்டும் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போகிறது.

எங்கள் ஊர் ஒரு பக்கம் உட்துறைமுகமும் மறுபக்கம் வெளிக்கடலுமாக, தண்ணீருக்கு நடுவில் கிடக்கிற ஊர். வருடத்தில் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் என்ற மூன்றே மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். புயலும் எங்களுக்குப் புதிதில்லை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி ஊருக்கு வடக்கே கரையேறியபோது தகரக் கூரைகளைக் கயிற்றால் கட்டிவிட்டு விழித்திருந்தோம். போன நவம்பர் கடைசியில் டித்வா வந்தபோது மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து மூதூர்ப் பக்கம் சனம் பட்ட பாட்டை எல்லோரும் அறிவோம். அந்த வெள்ளத்தோடு எங்கள் கணுக்கால் தண்ணீரை ஒப்பிட எனக்கு மனமில்லை. அது வானத்தால் வந்த வெள்ளம். எங்கள் ஒழுங்கையில் நிற்பது நாங்கள் கட்டிவைத்த வெள்ளம். கையால் கட்டியதைக் கையாலேயே திறக்கலாம்.

“சோலைவரி கட்டுகிறோம்தானே, சபை வந்து செய்யட்டும்” என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். நியாயமான பேச்சு. வீதியும் வடிகானும் தெருவிளக்கும் சபையின் பொறுப்புத்தான், அதைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும். ஆனால் நாங்கள் கேட்கிறோமா? கம்பத்து விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆவணியில் போன பல்ப், மார்கழி வரை எரியவில்லை. ஆச்சி விழுந்த பிறகு ஒவ்வொரு வீடாகக் கேட்டேன். எல்லோருமே வேறு யாரோ அறிவித்திருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். ஒருவரும் அறிவிக்கவில்லை. கம்பத்தில் இருந்த இலக்கத்தை எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன், அதே கிழமை வந்து மாற்றிவிட்டார்கள். நாலு மாத இருட்டை ஒரு துண்டுக் கடதாசி தீர்த்துவிட்டது. முன்பே எழுதியிருந்தால் ஆச்சி நடந்திருப்பார் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6 தேர்தல் வரை, இரண்டு வருடத்துக்கு மேல், நாட்டில் அநேகமாக எங்கேயுமே சனம் தெரிவுசெய்த உறுப்பினர் என்று யாரும் இருக்கவில்லை. யாரிடம் சொல்வது என்று கேட்டுக் கேட்டே சும்மா இருக்கப் பழகிவிட்டோம் என்று நினைக்கிறேன். இப்போது வட்டார உறுப்பினர் இருக்கிறார். அவரிடம் கொடுக்க ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். அதில் இரண்டே இரண்டு விஷயம்தான். சந்தி மதகுக்குக் கீழே இறுகிக் கிடக்கிற மண்ணை மாரிக்கு முதல் இயந்திரத்தால் எடுக்க வேண்டும், அது எங்கள் மண்வெட்டிக்கு அடங்காது. மற்றது, வளைவில் இன்னொரு விளக்கு. இரவு ரியூஷன் முடிந்து பெண்பிள்ளைகள் சைக்கிளில் வருகிற இடம் அது. எட்டாம் வீட்டுத் தம்பி கமரா பூட்டலாம் என்கிறார். பூட்டுங்கள், நல்லது. ஆனால் இருட்டில் கமராவும் இருட்டைத்தான் எடுக்கும், முதலில் வெளிச்சம் வரட்டும். மனுவில் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும்.

குப்பையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வண்டி வருகிற நாள் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் முதல் நாள் இரவே பையைக் கட்டி மதிலோரம் வைத்துவிடுகிறோம். நாய் இழுக்கும், காகம் கொத்தும், மிச்சம் வடிகானுக்குள் போகும். மான்களும் வருகின்றன. கோணேசர் கோயிலுக்குப் போகிற கோட்டைக்குள்ளும் பஸ் நிலையத்தடியிலும் நிற்கிற புள்ளிமான்களை வெளியூர்ச் சனம் படம் பிடித்துக்கொண்டு போகிறது. இரவில் அவை எங்கள் குப்பைப் பையைக் கிழித்துத்தான் தின்கின்றன. ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு ஜன்னலால் பார்த்தேன். ஒரு பெட்டைமான், சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீன் தாளை மென்றுகொண்டு நின்றது. குழம்பு பட்ட பக்கத்தை நக்கிவிட்டு விட்டுவிடும் என்று நினைத்தேன். முழுவதையும் விழுங்கிவிட்டது. பக்கத்தில் குட்டி நின்றது. இந்த மான்கள் எங்கள் ஊருக்குக் கிடைத்த பாக்கியம் என்று சொல்லிக்கொள்கிற நாங்கள்தான் அந்தத் தாளை வெளியே வைத்தவர்கள். வண்டி வருகிற காலையிலேயே பையை வெளியே வையுங்கள். மூடியுள்ள வாளி என்றால் இன்னும் நல்லது.

கடைசியாக நுளம்பு. வடிகான் நாறுவதால்தான் டெங்கு வருகிறது என்று எங்களில் பலர் நினைக்கிறோம். வடிகானில் பெருகுவது பெரும்பாலும் வேறு நுளம்பு. டெங்கைப் பரப்புகிற ஈடிஸ் தெளிந்த தண்ணீரைத் தேடும். அது எங்கள் வளவுக்குள்தான் இருக்கிறது: பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, யோகட் கப், பழைய ரயர், மூடாத தண்ணீர்த் தாங்கி, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற தட்டு. முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். தண்ணீரை ஊற்றிவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், மழைத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தேய்த்துக் கழுவ வேண்டும். வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற பழக்கம் எங்கள் எல்லோருக்கும் இருக்கிறதே, அதோடு பூச்சாடித் தட்டையும் சேர்த்துக்கொண்டால் போதும். 2017இல் நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்த வருடம், கிண்ணியாவில் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். அன்றைக்கு மகனுக்குக் காய்ச்சல் மூன்றாம் நாளும் விடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் இருந்து இரத்தப் பரிசோதனைத் துண்டுக்காகக் காத்திருந்த அந்த இரவு வேறு எந்தத் தாய்க்கும் வேண்டாம். புகை அடிக்கவில்லை என்று குறைப்படுகிறோம். புகை பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும், தட்டில் ஒட்டியிருக்கிற முட்டையை ஒன்றும் செய்யாது.

இனி வேலைக்கு வருகிறேன். செப்டெம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு மேசன் வருகிறார். முதலில் என் வீட்டுச் சிலாப்பைத்தான் உடைக்கிறார். அந்த இடத்தில் இரண்டடி அகலத் துண்டுகளாக, தூக்குவதற்குக் கம்பி வளையம் வைத்துப் போடப்போகிறோம். காரும் ஏறும், இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கவும் முடியும். செலவு எவ்வளவு வந்தது என்று முடிந்த பிறகு வெளிப்படையாகவே சொல்கிறேன், பார்த்துவிட்டு, தூக்க முடியாத சிலாப் உள்ள மற்ற ஆறு வீடும் யோசியுங்கள். ஒருவரையும் நெருக்க மாட்டேன். கையில் காசில்லாத வீடு என்றால் தனியே வந்து சொல்லுங்கள், நாலு பேர் சேர்ந்து செய்வோம். குழாய் வைத்த மூன்று வீட்டுக்காரரும் அன்றைக்குக் குழாயின் இரண்டு வாயையும் துப்புரவாக்கினாலே இந்த மாரிக்குப் பெரிய காரியம். வான், கார் வைத்திருப்பவர்கள் ஒழுங்கையின் இடது பக்கமாக மட்டும் நிறுத்துங்கள். கல், மணல், சல்லி இறக்கினால் இரண்டு நாளுக்குள் வளவுக்குள் எடுத்துவிடுங்கள். இந்த ஒன்றை மட்டும் நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

மற்ற ஆட்கள் எல்லோரும் சந்தியிலிருந்து அள்ளிக்கொண்டு வருவோம். வடிகானுக்குள் இறங்குகிறவர்கள் பூட்ஸ் போடுங்கள், உள்ளே கண்ணாடி ஓடு கிடக்கிறது. காலில் புண் உள்ளவர்கள் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரும். எடுக்கிற மண்ணை வடிகான் விளிம்பில் குவிக்கக் கூடாது, முதல் மழையிலேயே திரும்ப உள்ளே போய்விடும். சாக்கில் கட்டிச் சந்தியில் வைப்போம். அதை ஏற்ற ஒரு உழவு இயந்திரத்துக்குச் சொல்லியிருக்கிறேன்.

என்னிடம் இரண்டு மண்வெட்டியும் ஒரு அலவாங்கும் இருக்கின்றன. வாளியும் பழைய உரச் சாக்கும் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். காலைத் தேத்தண்ணி என் வீட்டில். பத்து மணிக்கு ரொட்டியும் சம்பலும் நானா வீட்டில் என்று லாத்தா சொல்லியிருக்கிறா. ஆச்சியைக் கதிரையில் இருத்தி விறாந்தைக்குக் கொண்டுவருவோம், அவருக்குத்தான் அந்த வடிகான் முந்தி எந்தப் பக்கம் ஓடியது என்று சரியாகத் தெரியும்.

அன்புடன்,
மூன்றாம் வீட்டு அக்கா
திருகோணமலை