கவர்னரை நோக்கிப் பறந்த மண்ணாங்கட்டி

அன்பு மகள் கவிதாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கு நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. ஞாயிற்றுக்கிழமை போனில் பேரன், "தாத்தா, எங்க லெப்டினன்ட் கவர்னர் ராஜாவா, ராஜாவோட ஆளா?" என்று கேட்டான். நான் வாயெடுப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. நீயே படித்துச் சொல். அவனுக்குத்தான் தமிழ் எழுத்து இன்னும் பிடிபடவில்லையே.

ராஜாவோட ஆள்தான். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் நீங்கள் இருக்கிற மேன் தீவு முன்பு அதோல் பிரபு குடும்பத்தின் கையில் இருந்தது. அங்கிருந்து நடந்த கள்ளக்கடத்தலால் பிரிட்டனின் சுங்க வருமானம் ஒழுகிக்கொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல் 1765-இல் 70,000 பவுன் கொடுத்து பிரிட்டன் அரசர் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். 34 வருஷம் பட்டா மாற்றியவன் நான். ஒரு தீவுக்கே பட்டா மாறியிருக்கிறது பார்!

1863-இல் லாக் என்பவர் கவர்னராக வந்தார். டக்ளஸ் கடற்கரையில் நாம் ஐஸ்கிரீம் சாப்பிட்டோமே லாக் ப்ரொமனேட், அது அவர் பெயர்தான். அப்போது தீவின் சட்டசபையான கீஸ் சபையின் 24 பேரையும் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. சபை தன் ஆட்களைத் தானே பொறுக்கிக்கொள்ளும். சுங்க வசூலில் மிஞ்சுவதைத் தீவுக்கே விட லண்டனைச் சம்மதிக்க வைத்தார் லாக். கூடவே, தேர்தல் நடந்தாக வேண்டும் என்று சபையையும் மடக்கினார். 1866-இல் அதற்குச் சட்டம் வந்தது, 1867-இல் தேர்தல் நடந்தது. கெட்டிக்காரர்.

ராக்லன் பிரபு வேறு ரகம். 1902-இல் வந்து 17 வருஷம் இருந்தார். பிரிட்டன் 1908-லேயே முதியோர் பென்ஷன் சட்டம் போட்டது. இவர் காலத்தில் தீவுக்கு அது வரவேயில்லை. நானே பென்ஷனில் சாப்பிடுகிறவன், அதனால் இவர்மேல் கோபம் கொஞ்சம் கூடுதல். உலகப் போர் வந்ததும் சுற்றுலா படுத்தது, விடுதி நடத்தியவர்கள் கடனில் மூழ்கினார்கள். 1916 டின்வால்ட் நாளில், அதாவது தீவின் பாராளுமன்றம் திறந்தவெளியில் கூடும் நாளில், நீ கூட்டிப்போனாயே செயின்ட் ஜான்ஸில் அந்த நாலடுக்குப் புல்மேடு, அங்கே கவர்னரை மாற்று என்று கூட்டம் கத்தியது. புல்லோடு பெயர்த்த மண்ணாங்கட்டி ஒன்று அவரை நோக்கிப் பறந்தது. 1918-இல் ரொட்டி விலைக்காக ஊரே வேலைநிறுத்தம் செய்தது. விலையும் இறங்கியது, பணக்காரர்களுக்கு வருமான வரியும் வந்தது. 1919-இல் அவர் போனார். அடுத்த வருஷமே பென்ஷன் வந்துவிட்டது!

இப்போது ஆட்சி முதலமைச்சர் கையில், 1986-இலிருந்து. கவர்னருக்குச் சடங்கு வேலைதான் அதிகம் என்று அவனிடம் சொல்.

டின்வால்ட் நாளான ஜூலை 5 அன்று எல்லோரும் சட்டையில் குத்திக்கொள்கிறார்களே ஓர் இலைக்கொத்து, அதைக் கசக்கி முகரச் சொல். மாசிபத்திரி அது, நம் மரிக்கொழுந்துக்குப் பங்காளி. நான் ஒரு கொத்தை டைரிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். அம்மா சருகு என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டாள். இந்த வருஷம் ஒன்று எடுத்து வை.

அன்புடன்,
அப்பா