பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. பின்கட்டு விஷயத்தில் சித்தப்பா ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

நேற்று ஜூலை 17, கணித மேதை சேஷாத்ரி மறைந்த நாள். 2020-இல் ஊரடங்கு நேரம், சிறுசேரியிலிருந்து நீ வீட்டுக்கு வந்திருந்தாய். போனில் செய்தியைப் பார்த்துவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து அழுதாய். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் எனக்கு ஒரு வரியாவது அனுப்புவாய். நேற்று ராத்திரி பதினொரு மணிவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, வேலை இருந்திருக்கும்.

பரணைச் சுத்தம் செய்தபோது உன் ஜாமெட்ரி பாக்ஸ் கிடைத்தது. எட்டாம் வகுப்பில் காகிதத் துண்டை அரை முறுக்கு முறுக்கி, இரு முனையையும் சேர்த்து நீ ஒட்டிய மோபியஸ் பட்டை அதற்குள் அப்படியே இருக்கிறது. பசை காய்ந்து மஞ்சளாகிவிட்டது, நடுவில் நீ போட்ட பென்சில் கோடு மட்டும் அழியவில்லை. எந்த இடத்தில் விரல் வைத்தாலும் சாதாரணக் காகிதம்தான். முழுச் சுற்று சுற்றி வந்தால்தான் முறுக்கு தெரிகிறது. ஒரு வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கோட்டையோ தளத்தையோ நட்டுச் சேர்த்தால் அது கற்றை; அப்படி முறுக்கிய கற்றைகள், வளைவே இல்லாத வெளியின்மேல் இருக்க முடியுமா என்பதுதான் பிரெஞ்சுக் கணித மேதை செர் 1955-இல் கேட்ட கேள்வி என்று நீதானே எனக்குப் புரியவைத்தாய்? முப்பது வருடம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவனுக்கு மகள் பாடம் எடுத்தாள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை உன்னிடம் சொல்லவே இல்லை.

அந்தக் கேள்வியில், முறுக்கு இருக்க முடியாது என்று சேஷாத்ரி 1958-இல் நிரூபித்தது இரண்டு மாறிகள் வரைக்கும்தான், அதாவது இரண்டு பரிமாண வெளி வரைக்கும்தான். மீதி எல்லாப் பரிமாணங்களுக்கும் பதினெட்டு வருடம் கழித்து, 1976-இல், குவில்லனும் சுஸ்லினும் தனித்தனியாக முடித்தார்கள். அதனால் அவர் செய்தது குறைந்துவிட்டதா? நம் செங்கல்பட்டில் வளர்ந்தவர். அவரும் தண்டரை நரசிம்மனும் லயோலாவில் பாதிரியார் ரசீனிடம் படித்து, 1953-இல் ஒன்றாகவே பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார்கள். இருவர் பெயரும் சேர்ந்த அந்தப் பெரிய தேற்றம் 1965-இல்தான் வந்தது. பன்னிரண்டு வருடம்! பக்கத்தில் பேச ஆள் இருந்தது, அதையும் யோசித்துப் பார். உனக்கு அங்கே பேச யாராவது இருக்கிறார்களா? உன் ஆராய்ச்சி கைடு நல்லபடியாகப் பேசுகிறாரா? நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே.

சேஷாத்ரி சங்கீதமும் நன்றாகப் பாடுவார். நீ வீணையைத் தொட்டு எத்தனை நாள் ஆயிற்று? 1989-இல், ஐம்பத்தேழு வயதில், ஒரு சின்னக் கணிதப் பள்ளியாக அவர் ஆரம்பித்ததுதான் பிறகு நீ படித்த சிறுசேரி நிறுவனமாக வளர்ந்தது. ஐம்பத்தேழில் ஒருத்தர் புதிதாகத் தொடங்கியிருக்கிறார். உனக்கு இருபத்தாறுதான் ஆகிறது.

நான் சுற்றி வளைக்கிறேன். பிப்ரவரியில் நீ கூப்பிட்டாய். "அப்பா, நிரூபணத்தில் ஓட்டை இருக்கு, அடைக்க முடியலை" என்றாய். நான் உடனே, "சித்தப்பா வீட்டில் சொல்லிவிடாதே" என்றேன். அதைத்தான் சொன்னேன். எந்த இடத்தில் ஓட்டை என்றுகூடக் கேட்கவில்லை. நீ "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். அன்றிலிருந்து அம்மாவிடம்தான் பேசுகிறாய். ப்ளஸ் டூவில் நீ 96 வாங்கி வந்தபோதும் மீதி நாலு எங்கே என்றுதான் கேட்டேன். அப்போது உன் முகத்தைப் பார்க்காமல் விடைத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரியிலும் அதையேதான் செய்திருக்கிறேன், பாப்பா.

ஞாயிற்றுக்கிழமை காலை போனை நானே வைத்திருக்கிறேன், அம்மாவிடம் கொடுக்க மாட்டேன். எந்த வரியில் ஓட்டை என்று சொல். எனக்குப் புரியாவிட்டாலும் எழுதிக்கொள்கிறேன். பட்டையைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா