65 வாட் என்று சொல்லி விற்றீர்களே: ரிச்சி தெரு கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று அந்த வட்டாரம் முழுக்க சார்ஜரும் கேபிளும் விற்கும் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

நான் உங்கள் பழைய வாடிக்கையாளன். சால்டரிங் ஈயமும் ரெசிஸ்டரும் பொட்டலம் கட்டி வாங்கிய காலத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறேன். ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் லேப் பார்த்துக்கொள்வது என் வேலை. சைதாப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கும் தூரத்தில் உங்கள் கடைகள். குறை சொல்லத்தான் எழுதுகிறேன், சண்டை போட இல்லை. உங்களை விட்டால் எனக்கும் வேறு தெரு கிடையாது.

விஷயம் இதுதான். என் அக்கா மகன் உணவு டெலிவரி வேலை செய்கிறான். மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து ராத்திரி ஆர்டர் தொடங்கும் வரை ஒன்றரை மணி நேரம் வீட்டில் இருப்பான். அதற்குள் போன் ஏறியாக வேண்டும். சாம்சங் போன், 25 வாட் வரை எடுக்கும் மாடல். பெட்டிக்குள் சார்ஜர் வரவில்லை. ஆப்பிள் 2020இல் ஐபோன் 12இலிருந்து பெட்டியில் அடாப்டர் வைப்பதை நிறுத்தியது, அடுத்த சில மாதங்களில் சாம்சங்கும் எஸ்21இல் நிறுத்தியது. அன்றிலிருந்து எந்த அடாப்டர் வாங்குவது என்ற கேள்வி முழுவதும் உங்கள் கவுண்டருக்கு வந்துவிட்டது. கம்பெனிக்காரன் சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது, அது உங்கள் தப்பு இல்லை.

பையன் உங்களில் ஒருவரிடம் போய், "அண்ணே, வேகமா ஏறணும்" என்று கேட்டிருக்கிறான். "65 வாட் இருக்கு தம்பி, எல்லா போனுக்கும் ஓடும்" என்று பதில். 850 ரூபாய், கேபிள் இலவசம். வீட்டுக்கு வந்து மாட்டினால், பழைய சார்ஜரைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். ராத்திரி என்னிடம் வந்து, "மாமா, ஏமாந்துட்டேனா?" என்றான்.

என்னிடம் ஒரு யூஎஸ்பி மீட்டர் இருக்கிறது. கட்டைவிரல் அளவு. அடாப்டருக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகினால் வோல்டையும் ஆம்பியரையும் காட்டும். அதையும் உங்கள் தெருவில்தான் வாங்கினேன். செருகிப் பார்த்தோம். 9 வோல்ட், 1.6 ஆம்பியர். பெருக்கினால் பதினைந்து வாட்கூட முழுதாக வரவில்லை. அப்புறம் மேல்வீட்டுக்காரரிடம் அவருடைய 25 வாட் அடாப்டரை இரவல் வாங்கி, அதே கேபிளில் அதே போனை மாட்டினோம். மீட்டரில் வோல்ட் ஒரு இடத்தில் நிற்கவில்லை, 8.6, 8.7 என்று மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது. ஆம்பியர் 2.7. போன் திரையில் "சூப்பர் ஃபாஸ்ட் சார்ஜிங்" என்று எழுத்து வந்தது. பையன் அடாப்டர் இரண்டையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சின்னது பெரியதைத் தோற்கடித்துவிட்டது.

இதில் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். நீங்கள் விற்றது போலிச் சரக்கு இல்லை. அடாப்டரின் முதுகில் எறும்பு எழுத்தில் எல்லாம் சரியாகவே போட்டிருந்தது: 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 3 ஆம்பியர், 15 வோல்ட் 3 ஆம்பியர், 20 வோல்ட் 3.25 ஆம்பியர். கடைசி வரியைப் பெருக்குங்கள், 65 வருகிறது. அந்த 65 லேப்டாப்புக்கு. டைப்-சியில் ஏறும் லேப்டாப்புகள் பெரும்பாலும் 20 வோல்ட் கேட்கும், இந்த போன் ஒருநாளும் கேட்காது. போனுக்கு வேண்டியது அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு வரி, பிபிஎஸ்.

பிபிஎஸ் என்பது ஏதோ விளம்பரப் பெயர் என்று உங்கள் கடைப் பையன்களில் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. யூஎஸ்பி பிடி என்ற, கம்பெனிகளுக்கெல்லாம் பொதுவான சார்ஜிங் ஏற்பாட்டில் 5, 9, 15, 20 என்று வோல்டேஜ் படிக்கட்டாக இருக்கும். பிபிஎஸ் இருந்தால் படிக்கட்டு சரிவுப்பாதையாகிவிடும், 20 மில்லிவோல்ட் அளவுக்குக் கூட்டிக் குறைக்கலாம். இந்த வகை போனுக்குள் வரும் வோல்டேஜைச் சரிபாதியாக்கும் ஒரு சின்ன சர்க்யூட் இருக்கிறது. பேட்டரி 4.2 வோல்டில் இருந்தால் போன் அடாப்டரிடம் அதன் இருமடங்குக்குக் கொஞ்சம் மேலே கேட்கும். அதனால்தான் மீட்டரில் 8.6. வெட்டிக் கழிக்க வேண்டிய மிச்ச வோல்ட் குறைவு, அதனால் போனுக்குள் சூடும் குறைவு. பிபிஎஸ் இல்லாத அடாப்டர் நிலையாக 9 வோல்ட் கொடுத்தால், அதை இறக்கும் வேலை முழுவதும் போனுக்குள் நடக்கும். சூடு ஏறும் என்று தெரிந்தே போன் குறைவாக இழுத்துக்கொள்ளும்.

ஒப்போ, ஒன்பிளஸ், ரியல்மி கதை வேறு. அவர்கள் ஆம்பியரை ஏற்றி வேகம் எடுக்கும் வழியில் போகிறவர்கள். 80 வாட் அடாப்டர் ஒன்றில் 11 வோல்ட், 7.3 ஆம்பியர் என்று இருக்கும். அந்த வேகம் அவர்களுடைய அடாப்டரும் கேபிளும் சேர்ந்தால்தான். எவ்வளவு விலை கொடுத்து வெளி அடாப்டர் வாங்கினாலும் போன் ஒரு படி இறங்கித்தான் ஏற்றும். ஐபோன் 15 மாதிரி ஒன்றுக்கு யூஎஸ்பி பிடி உள்ள ஒரு நடுத்தர அடாப்டர் தாராளம், 65 வாட் கொடுத்தாலும் அதில் பாதியைக்கூட அது எடுக்காது. ஆக "எல்லா போனுக்கும் ஓடும்" என்பது உண்மைதான், ஓடும். எத்தனை வேகத்தில் என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிடுகிறீர்கள்.

அடுத்தது என் அப்பா. எழுபத்தைந்து வயது. "ஸ்பீடு சார்ஜர் போட்டா பேட்டரி ஊதிடும் சார்" என்று உங்களில் இன்னொருவர் சொன்னதை வேதவாக்காக வைத்திருக்கிறார். நான் வீட்டில் எந்த அடாப்டரை மாட்டினாலும் கழற்றிவிட்டுத் தன் பழைய 10 வாட்டைத் தேடுவார். அடாப்டர் போனுக்குள் எதையும் தள்ளுவதில்லை, போன்தான் வேண்டியதைக் கேட்டு இழுக்கிறது. தெருமுனையில் மெட்ரோ வாட்டர் தொட்டி பெரிதாக இருப்பதால் நம் குடம் உடைந்தா போகிறது? குழாயைத் திறப்பதும் மூடுவதும் குடம் வைத்திருப்பவர் கையில்தானே. 65 வாட் அடாப்டரில் பழைய போனை மாட்டினால் அது தன் 10 வாட்டை எடுத்துக்கொண்டு சும்மா இருக்கும்.

பேட்டரியைக் கெடுப்பது சூடு. நம் ஊரில் அதற்குப் பஞ்சமா? சுற்றுப்புறம் 35 டிகிரிக்குள் இருக்கும்போதே போனைப் பயன்படுத்தச் சொல்கின்றன ஆப்பிளும் சாம்சங்கும். கத்திரி வெயிலில் சென்னை 40ஐத் தொடும்போது, பைக் ஹேண்டிலில் மாட்டி, மேப் ஓடி, திரை முழு வெளிச்சத்தில் எரிந்து, கூடவே சார்ஜும் ஏறினால் அந்த போன் என்ன செய்யும்? தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சில சமயம் ஏற்றுவதையே நிறுத்திவிடும். பையனிடம் இதைச் சொன்னபோது, "ஆமா மாமா, சிக்னல்ல நிக்கும்போது ஏறவே மாட்டேங்குது" என்றான். அங்கே 65 ஆக இருந்தாலும் 15 ஆக இருந்தாலும் ஒன்றுதான். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுகிறவர்களுக்கும் இதே கதை.

இன்னொன்றையும் கவுண்டரில் யாரும் சொல்வதில்லை. பெட்டியில் போட்டிருக்கும் வாட் முழு நேரத்துக்கும் இல்லை. காலியாக இருக்கும் பேட்டரி முதலில் வேகமாக வாங்கும், 70, 80 சதவீதம் வந்ததும் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே போகும், தாம்பரம் தாண்டி விரட்டி வந்த ரயில் எழும்பூர் நெருங்கும்போது ஊர்வது மாதிரி. கடைசி இருபது சதவீதத்தில் விலை உயர்ந்த அடாப்டருக்கும் சாதாரண அடாப்டருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒன்றரை மணி நேரம் மட்டுமே கிடைக்கும் பையனுக்கு அந்த முதல் அரை மணி முக்கியம், அவன் காசு கொடுக்கலாம். அப்பாவுக்கு எதற்கு? 5000 எம்ஏஎச் பேட்டரி என்றால் சுமார் 19 வாட்-மணி. 10 வாட்டில் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும். அவர் தூங்குவதே ஆறு மணி நேரம். காரணம் தப்பாக இருந்தாலும் கிழவர் கையில் இருக்கும் அடாப்டர் அவருக்குச் சரியானதுதான். (கரண்ட் பில்லுக்காக மெதுவான சார்ஜர் கேட்பவர்கள் வந்தால் சொல்லுங்கள்: விரயத்தையும் சேர்த்து ஏறக்குறைய நாற்பது முறை முழுசாக ஏற்றினால்தான் ஒரு யூனிட். வேகமோ மெதுவோ, பில்லில் தெரியாது.)

அப்பாவுக்கு இருந்த பிரச்சினை கேபிள். கட்டிலிலிருந்து பிளக் எட்டவில்லை என்று உங்கள் தெருவில் இரண்டு மீட்டர் கேபிள் வாங்கினேன். பின்னல் உறை போட்டு, பார்க்கக் கயிறு மாதிரி கெட்டியாக இருந்தது. ஆனால் போன் விடியும் வரை ஏறிக்கொண்டே இருந்தது. மீட்டரை அடாப்டர் பக்கம் வைத்தேன், 5.1 வோல்ட். கேபிளின் மறுமுனையில் வைத்தேன், 4.3. ஓடியது 0.9 ஆம்பியர். முக்கால் வோல்டுக்கு மேல் கேபிளிலேயே காணாமல் போயிருக்கிறது. பின்னலை வெட்டிப் பார்த்தால் உள்ளே தலைமுடி மாதிரி நாலு இழை. வெளியே துணியில் போட்ட காசைக் கொஞ்சம் செம்பில் போட்டிருக்கலாம். நல்ல கேபிள்கள் சிலவற்றில் உள்ளே ஓடும் கம்பியின் கேஜ் எண் உறையிலேயே அச்சிட்டிருக்கும். எண் சிறியதாக இருந்தால் கம்பி தடிமன் என்று அர்த்தம், 28ஐவிட 24 எவ்வளவோ மேல். டைப்-சிக்கு டைப்-சி கேபிள் என்றால் 3 ஆம்பியர் தாங்கும். 60 வாட்டுக்கு மேல் போக 5 ஆம்பியர் கேபிள் வேண்டும், அதன் முனைக்குள் தன் அளவைச் சொல்லும் ஒரு சில்லு இருக்கும். அது இல்லாவிட்டால் 100 வாட் அடாப்டரும் 60இல் நின்றுவிடும். இலவசக் கேபிள் கொடுக்கும்போது இதில் எது என்று ஒரு வார்த்தை.

கேபிள் செருக இரண்டு மூன்று ஓட்டை உள்ள அடாப்டர்களில் போட்டிருக்கும் வாட் மொத்தக் கணக்கு. இரண்டாவது போனை மாட்டியதும் முதல் போனின் வேகம் விழும். இதைச் சொல்லாமல் விற்றால், கணவன் மனைவிக்குள் யார் போனை முதலில் கழற்றுவது என்று சண்டை வருகிறது. எங்கள் வீட்டில் வந்தது.

வேகத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன், ஆபத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். கல்லூரி லேபில் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக, எங்கோ நடைபாதையில் வாங்கிய பெயர் தெரியாத ஒரு அடாப்டரை உடைத்தேன். சுவரிலிருந்து 230 வோல்ட் வரும் பக்கத்துக்கும் போனுக்குப் போகும் பக்கத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி, நகம் நுழையாத அளவுக்கு இருந்தது. டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி ஒற்றைச் சுற்று டேப். ஒரு மழைக்கால ஈரம் போதும், அந்த 230 போனைப் பிடித்திருக்கும் கைக்கு வர. இதைத் தடுக்கத்தான் பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு இருக்கிறது. அடாப்டரில் ஐஎஸ் என்று தொடங்கும் தர எண்ணும், அதன் கீழே ஆர் என்ற எழுத்தோடு எட்டு இலக்க எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யார் பெயரில் பதிவு என்று வந்துவிடும். சில கடைகளில் நான் செயலியைத் திறந்தாலே "சார், அது வேற லாட்டு" என்று அடாப்டரைக் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறார்கள். வேற லாட்டு என்றால் என்னவென்று எனக்கு இன்னும் புரியவில்லை. கனமாக இருந்தால் நல்லது என்று பழைய ஆட்கள் தூக்கிப் பார்ப்பார்கள், அதுவும் இப்போது செல்லாது. காலியம் நைட்ரைடு என்ற புது வகைச் செமிகண்டக்டர் போட்டு வருகிற நல்ல அடாப்டர்கள் தீப்பெட்டி மாதிரி சின்னதாகவே இருக்கின்றன.

நான் கேட்பது பெரிய செலவில்லை. வாடிக்கையாளர் "வேகமான சார்ஜர்" என்று கேட்டதும் வாட்டைச் சொல்லாமல், "என்ன போன்?" என்று முதலில் கேளுங்கள். அடாப்டரின் முதுகில் இருக்கும் எறும்பு எழுத்தை ஒரு அட்டையில் பெரிதாக எழுதித் தொங்கவிடுங்கள், பிபிஎஸ் உண்டா இல்லையா என்பதையும் சேர்த்து. டார்ச், கடிகாரம், புளூடூத் ஸ்பீக்கர் எல்லாம் கவுண்டரில் போட்டுக் காட்டி விற்கிற நீங்கள், சார்ஜரை மட்டும் ஏன் பெட்டி பிரிக்காமல் கொடுக்கிறீர்கள்? ஒரு மீட்டரை மேசையில் வையுங்கள். வாங்குகிறவரின் போனையே மாட்டிக் காட்டுங்கள், அரை நிமிட வேலை. கூட்டம் நெரியும் சனிக்கிழமை சாயங்காலம் முடியாது என்பீர்கள். தெரியும். அதற்குத்தான் அட்டை.

பையன் மறுநாளே அந்த அடாப்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனான். "டெஸ்டிங் வாரண்டி மட்டும்தான், ஓடுதுல்ல?" என்று அனுப்பிவிட்டார்கள். ஓடுகிறது, அதில் பொய்யில்லை. இப்போது அது என் லேப்டாப்போடு பாலிடெக்னிக் போய் வருகிறது, அங்கே உண்மையிலேயே 20 வோல்டில் ஓடுகிறது. அவனுக்கு பிபிஎஸ் உள்ள 25 வாட் ஒன்றை நான் வாங்கிக் கொடுத்தேன், உங்கள் தெருவிலேயே இரண்டு கடை தள்ளி. அந்தக் கடைக்காரர் கேட்காமலேயே ஆர் எண்ணைக் காட்டினார்.

வரும் சனிக்கிழமை மறுபடி வருகிறேன், மீட்டரோடு. அப்பாவுக்கு ஒரு கேபிள் வேண்டும்: இரண்டு மீட்டர், உள்ளே 24 கேஜ் கம்பி, பின்னல் உறை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இருக்கிறவர் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
சைதாப்பேட்டையிலிருந்து உங்கள் வாடிக்கையாளன்